குடைமிளகாயின் வயது

பச்சைக் குடைமிளகாய் என்று அநேகமாகத் தனி ரகம் எதுவும் கிடையாது. கடையில் பச்சையாகக் குவித்து வைத்திருப்பது முற்றிய, ஆனால் பழுக்காத காய். பறிக்காமல் அதே செடியில் இன்னும் சில வாரம் விட்டிருந்தால் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஆகியிருக்கும். மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் ஒரு சாயங்காலம் டீ குடிக்கும்போது இந்தப் பேச்சு வந்தது. பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த கடைக்கார அக்கா கையை நிறுத்திக் கேட்டார்: "அப்ப பச்சையா வாங்கியாந்து அரிசிப் பானையில போட்டு வெச்சா செவந்துடுமா தம்பி? பாதி வெலையில வேல முடிஞ்சிடும்ல?"

சிவக்காது அக்கா என்றேன். அவர் கேட்டதில் தப்பில்லை. மாங்காயையும் வாழைத்தாரையும் நாம் அப்படித்தான் பழுக்க வைக்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும்.

முதலில் இந்தக் காய் இங்கே எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். குப்பத்து மணலிலும் உப்புக் காற்றிலும் குடைமிளகாய் விளையாது. அதற்குப் பகலில் மிதமான வெயிலும் இரவில் குளிர்ச்சியும் வேண்டும்; சித்திரை வெயில் அடித்தால் பூவெல்லாம் கொட்டிவிடும். ஓசூர், தளி பக்கத்துப் பசுமைக்குடில்களிலும் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் விளைவதுதான் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகிறது. இந்தக் கடற்கரையில் மீன் குழம்புக்கு யாரும் குடைமிளகாய் தேட மாட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி நேரத்து ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகள் வந்த பிறகு, ஃப்ரைட் ரைஸோடு ஒட்டிக்கொண்டு வந்த காய் இது. ஆனால் அக்கா பஜ்ஜி போடும் நீட்டு மிளகாய், குழம்பில் கிள்ளிப் போடும் சம்பா, ராமநாதபுரத்து முண்டு எல்லாம் குடைமிளகாயோடு பிறந்தவைதான். தாவரவியலில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: கேப்சிகம் ஆனுவம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்தது. ஆகவே குடைமிளகாயைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி எல்லா மிளகாய்க்கும் பொருந்தும்.

பூ பிஞ்சாகி, பிஞ்சு முழு உருவத்துக்கு வளர ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதுவரை காய் பச்சையாக இருப்பதற்குக் காரணம் இலையில் இருக்கும் அதே பச்சையம்தான். காயின் தோலும் இலையைப் போலவே வெயிலைப் பிடித்துக் கொஞ்சம் உணவு தயாரிக்கிறது. உள்ளே விதை இன்னும் முற்றவில்லை. அந்த நேரத்தில் எதுவும் வந்து கடித்துவிடக் கூடாது என்பது செடியின் கவலை. இலைகளுக்கு நடுவே கண்ணுக்குப் படாத நிறம், கடித்தால் கசப்பு, பச்சை நெடி என்று எல்லாம் இந்தப் பருவத்தில் கூடியிருப்பதை அந்தக் கவலையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அந்த நெடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடைமிளகாயை நறுக்கிய உடனே வீடு முழுக்க ஒரு வாசனை பரவுமே, பச்சைப் பட்டாணித் தோலும் ஈரமண்ணும் கலந்தாற்போல, அது பிரசின் வகையைச் சேர்ந்த ஒரே ஒரு பொருளின் வேலை. 1969இல் கலிபோர்னியாவில் அமெரிக்க வேளாண்துறையின் ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். லட்சம் கோடிப் பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடுகிறது. கணக்குப் போட்டால், ஒரு கிராமை 50 கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தாலும் வாசனை தெரியும். ஃப்ரைட் ரைஸில் நாலு துண்டு போட்டாலே ஒரு தட்டு முழுக்க அதன் வாசனையாகிவிடுவது இதனால்தான். காய் பழுக்கப் பழுக்க இந்தப் பொருள் குறைந்துகொண்டே போகிறது. நன்றாகச் சிவந்த காயை முகர்ந்தால் பச்சை நெடி ஏறக்குறைய இருக்காது. அந்த இடத்தில் பழவாசனை போன்ற ஒன்று வந்திருக்கும்.

நாக்குக்குத் தெரிவது வேறு. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் சர்க்கரை சுமார் 2.4 கிராம். சிவந்ததில் சுமார் 4.2 கிராம். பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். தக்காளிப் பழத்தை விடவும் அதிகம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இனிப்பு இரண்டு மடங்கை நெருங்க, கசப்பும் நெடியும் இறங்க, நாக்கு இரண்டையும் வெவ்வேறு காய்கறிகளாகவே எடுத்துக்கொள்கிறது. சிவப்பைப் பச்சையாகவே கடித்துத் தின்னும் குழந்தை, பச்சையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பதில் அடம் எதுவும் இல்லை.

பக்கத்து பெஞ்சில் உப்பளத்து வேலை முடித்து வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு துண்டு பச்சையை உப்பில் தொட்டு மென்றுவிட்டு, "உப்பு தொட்டா கசப்பு தெரியலியே" என்றார். அதுவும் உண்மை. உப்பிலுள்ள சோடியம் கசப்பை அமுக்கிவிடும். கசப்பு அமுங்கியதும் ஏற்கெனவே உள்ளே இருந்த இனிப்பு மேலே வரும். 1997இல் பிரெஸ்லின், பீச்சம்ப் என்ற இருவர் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் உப்பு தொட்டுக்கொள்ளும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். பழுக்கும் நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. பச்சையம் உடைந்து கரைகிறது. கூடவே கரோட்டினாய்டு என்னும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகளைக் காய் புதிதாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. பச்சைக் காயிலும் கொஞ்சம் மஞ்சள் நிறமி உண்டு, பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. ஆனால் சிவப்பு அப்படி மறைந்திருந்து வெளிவருவதில்லை. அதை முதலிலிருந்து உண்டாக்க வேண்டும், அதுவும் படிப்படியாக. ஒரு நிறமியை ஒரு நொதி மாற்றி இன்னொன்றாக்கும், அதை அடுத்த நொதி வேறொன்றாக்கும். இந்த வரிசையின் கடைசிப் படியில் மஞ்சள் நிறமிகளைக் கேப்சாந்தின் என்ற கருஞ்சிவப்பாக மாற்றும் நொதி நிற்கிறது. கேப்சாந்தின் மிளகாய்க் குடும்பத்துக்கே உரிய சொத்து என்று சொல்லிவிடலாம். வெளியே டைகர் லில்லிப் பூவின் மகரந்தப்பை போல மிகச் சில இடங்களில்தான் அதைப் பார்க்க முடியும்.

மஞ்சள் குடைமிளகாயில் அந்தக் கடைசி நொதிக்கான மரபணு பழுதாகியிருக்கிறது அல்லது இல்லவே இல்லை. அதனால் வரிசை மஞ்சளோடு நின்றுவிடுகிறது. மஞ்சள் காயை எத்தனை நாள் செடியில் விட்டாலும் சிவக்காது. அதற்கு மஞ்சள்தான் முடிந்த பழம். பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் ஒரே உறையில் போட்டு விற்பதைப் பார்த்து, ஒரே காயின் மூன்று பருவங்கள் என்று நிறையப் பேர் நினைத்திருக்கிறார்கள். பாதிதான் சரி. பச்சை என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான இளம்பருவம். அங்கிருந்து மஞ்சளுக்குப் போவதா சிவப்புக்குப் போவதா என்பது விதையிலேயே முடிவாகிவிடுகிறது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட இரண்டு ரகங்களில், அர்க்கா மோகினி பழுத்தால் சிவக்கும், அர்க்கா கௌரவ் ஆரஞ்சு மஞ்சளாகும். பச்சையில் பறித்தால் சமையல்கட்டில் இரண்டையும் நிறம் வைத்துப் பிரிப்பது கஷ்டம். பசுமைக்குடில் விவசாயிகள் சிவப்புக்கு பாம்பே, மஞ்சளுக்கு ஒரோபெல் என்று விதையை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துப் போடுவதும் இதனால்தான்.

வேறு விசித்திரங்களும் உண்டு. பச்சையம் உடையாமல் தங்கிவிட, மேலே சிவப்பும் சேர்ந்துகொண்டால் சாக்லேட் நிறக் காய் கிடைக்கும். எந்தச் சிவப்புக் காயும் பழுக்கும் வழியில் சில நாள் இப்படித்தான் அழுக்குப் பழுப்பாக இருக்கும். அழுகுகிறதோ என்று பயந்து தூக்கிப்போட வேண்டாம். ஊதா நிறக் காயில் கத்தரிக்காய்த் தோலில் இருக்கும் வகை நிறமி பச்சைக்கு மேலே பூசினாற்போல் இருக்கிறது. அது பழுக்கும்போது ஊதா மறைந்து சிவப்பு வரும். விலை கொடுத்து ஊதாவை வாங்குபவர் வாங்குவதும் பழுக்காத காயைத்தான்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது: அடியில் மூன்று புடைப்பு இருந்தால் ஆண் காய், நான்கு இருந்தால் பெண் காய், பெண் காய்தான் இனிக்கும் என்று. மிளகாய்ப் பூவில் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. அந்தச் சூலகம்தான் காயாகிறது, எல்லாக் காயிலும் விதை இருக்கிறது. புடைப்பு ரகத்தைப் பொறுத்தும் வளர்ந்த சூழலைப் பொறுத்தும் மாறும். இனிப்பைத் தீர்மானிப்பது வயது.

பெரியவருக்குச் சொல்ல ஆசைப்பட்டது வேறொன்று. உப்பளப் பாத்தியில் தண்ணீர் சுண்டிக்கொண்டே போய், உப்பு பூக்கும் நேரம் நெருங்கும்போது சில நாள்களில் அது இளஞ்சிவப்பாகத் தெரியுமே, அதைப் பார்த்துப் பழகியவர் அவர். அதற்குப் பெரிய பங்கு துனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசிக்கும், உப்பை விரும்பும் சில நுண்ணுயிர்களுக்கும் உண்டு. அந்தப் பாசி பிறப்பில் பச்சைதான். உப்பும் வெயிலும் தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது உடம்பு முழுக்க பீட்டா கரோட்டினை நிரப்பிக்கொண்டு ஆரஞ்சுச் சிவப்பாகிவிடுகிறது. குடைமிளகாயின் சிவப்பும் அதே கரோட்டினாய்டுக் குடும்பம். ஓசூர்க் குடிலில் சிவக்கும் காயும் மரக்காணத்துப் பாத்தியில் சிவக்கும் தண்ணீரும் உறவுக்காரர்கள் என்றதும் அவர் சிரித்தார். ஆனால் நோக்கம் வேறு. பாசி வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சிவக்கிறது. மிளகாய் யாரையோ கூப்பிடச் சிவக்கிறது. பூநாரைகளின் நிறமும் அவை உண்ணும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வரும் இதே கரோட்டினாய்டுகள்தான்.

மிளகாய் கூப்பிடுவதும் பறவையைத்தான். விதை முற்றியதும் காய் நிறம் மாறுகிறது, பறவையின் கண்ணில் சிவப்பு எடுப்பாகப் படுகிறது. காட்டு மிளகாயில் காரத்தின் வேலையும் இதோடு சேர்ந்தது. எலி தின்றால் விதையை மென்று அரைத்துவிடும். பறவை விழுங்கி, விதையை முழுசாக வேறிடத்தில் போட்டுவிடும். காரத்தைத் தரும் கேப்சைசின் பாலூட்டிகளின் நாக்கில் சுடுகிறது, பறவைகளுக்கு உறைப்பதில்லை. அரிசோனா காட்டு மிளகாய்ச் செடிகளை வைத்து டியூக்ஸ்பரி, நப்ஹான் இருவரும் 2001இல் இதைக் காட்டினார்கள். நம் உடம்பில் காரத்தை உணரும் வாங்கியைக் கண்டுபிடித்ததில் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அது சூட்டை உணரும் வாங்கியும் கூட. மிளகாய் கடித்து 'சுடுது' என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை. கிளி பழுத்த மிளகாயை நிதானமாகத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு மீதி புரியும்.

குடைமிளகாயில் காரமே இல்லாததற்கும் ஒரு மரபணுதான் காரணம். காரம் தயாரிக்கும் மரபணு அதில் பெரிய துண்டாக வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. கார மிளகாயில் கேப்சைசின் விதைக்குள் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் சுரக்கிறது. பச்சையாக இருக்கும்போதே காரம் ஏறக்குறைய உச்சத்தை எட்டிவிடும். பழுத்தபின் அது பெரிதாக ஏறுவதில்லை, சில ரகங்களில் கொஞ்சம் இறங்கவும் செய்யும். வற்றல் மிளகாய் அதிகம் உறைப்பதாகத் தோன்றுவது தண்ணீர் போய் எடை சுண்டிவிட்டதால். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டும் செடியில் நன்றாகச் சிவந்த பிறகே களத்துக்குப் போகிறது. பச்சையில் பறித்துக் காயப்போட்டால் அந்த நிறமும் மணமும் வராது.

இங்கேதான் அக்காவின் அரிசிப் பானைக்குத் திரும்ப வேண்டும். மாங்காயும் வாழைக்காயும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மரத்தைவிட்டு இறங்குகின்றன. பறித்த பிறகு எத்திலீன் வாயுவைத் தாமே விடுகின்றன. அந்த வாயு தூண்ட, மாவு சர்க்கரையாகிப் பழம் இனிக்கிறது. அரிசிப் பானை அந்த வாயுவைத் தப்பவிடாமல் வைத்திருக்கும், அவ்வளவே. கார்பைடுக் கல்லிலிருந்து வரும் வாயு எத்திலீனைப் போல வேலை செய்வதால்தான் தடையை மீறியும் அதைப் பயன்படுத்துகிறார்கள். குடைமிளகாய் இந்தக் கூட்டத்தில் சேராது. அதில் சேமித்த மாவு பெரிதாக இல்லை. சர்க்கரை ஒவ்வொரு நாளும் இலையிலிருந்து காம்பு வழியாக வர வேண்டும். காம்பை அறுத்த நிமிடமே வரத்து நின்றுவிடுகிறது. முழுப் பச்சையில் அறுத்த காயை எந்தப் பானையில் வைத்தாலும் சுருங்கித் தோல் தளருமே தவிர இனிக்காது.

"அப்ப வெலை?" என்றார் அக்கா. விலை நாளுக்குத்தான். பச்சைப் பருவத்திலிருந்து முழு நிறம் வர இரண்டிலிருந்து நான்கு வாரம் கூடுதலாகச் செடியில் நிற்க வேண்டும். அந்த நாள்களில் இலைப்பேன் வரலாம், வெயில் சுட்டு வெள்ளைத் தழும்பு விழலாம், அழுகல் வரலாம். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு: பழுக்கும் காய்கள் செடியில் இருக்கும்வரை புதுப்பூக்கள் நிற்காமல் உதிரும். பச்சையில் பறித்துக்கொண்டே இருந்தால் செடி மேலும் மேலும் காய்க்கும். சிவக்க விட்டால் எண்ணிக்கை குறையும். சிவந்த காய் மெத்தென்றாகிச் சீக்கிரம் கெடவும் செய்யும். இரட்டை விலை கேட்கும் வியாபாரியை நாம் திட்டுவதில் பாதியாவது அநியாயம்.

சத்துக் கணக்கில் சிவப்பு முன்னால் நிற்கிறது. வைட்டமின் சி பச்சையில் 100 கிராமுக்கு 80 மில்லிகிராம், சிவப்பில் 128 வாக்கில். வைட்டமின் ஏ சுமார் எட்டு மடங்கு. ஹங்கேரியின் செகெட் நகரில் 1930களின் தொடக்கத்தில் வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுக்க வழி தேடிக்கொண்டிருந்த சென்ட்-ஜார்ஜி, மனைவி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்த மிளகாயைச் சாப்பிட மனமில்லாமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதில் அது கொட்டிக் கிடந்தது. 1937இல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் வைட்டமின் சி சூட்டில் அழியும். குழம்பில் கொதிக்க விட்டுவிட்டு 128ஐச் சொல்லிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

அடுப்பில் இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுவிடும், பச்சை மங்கிப் பாசி நிறமாகும். புளிக்குழம்பில் போட்ட பச்சை மிளகாய் வெளிறுவது இதனால்தான். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும், காய் குழையும், வைட்டமின் சி இன்னும் வேகமாகப் போகும். அந்த வேலை வேண்டாம். சிவப்பு நிறமி சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மீன் குழம்பு வற்றியதும் மேலே சிவப்பாக எண்ணெய் மிதப்பது கேப்சாந்தின் எண்ணெய்க்கு ஏறிவிட்டதற்கு அடையாளம்.

என்னைக் கேட்டால் ஃப்ரைட் ரைஸுக்குப் பச்சையே சரி. பெரிய தீயில் சோயா சாஸோடு போட்டியிட அந்த நெடி வேண்டும். சிவப்பின் இனிப்பு அங்கே காணாமல் போய்விடும். சிவப்பைத் தணலில் தோல் கருகச் சுட்டு, உரித்து, உப்பும் துளி எலுமிச்சையும் விட்டுத் தின்ன வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய நாள்களுக்கு அதுதான் நியாயம்.

அக்காவின் பாதி விலைக்கு ஒரு வழி இருக்கிறது, கால்வாசி. சந்தையில் பச்சைக் குவியலைக் கிளறினால் தோளிலோ அடியிலோ சிவப்பு ஏறத் தொடங்கிய காய்கள் சில கிடைக்கும். பழுக்கத் தொடங்கிவிட்ட காய் அறுத்த பிறகும் நிறத்தை முடித்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் வைக்காமல் நிழலில், காற்றுப்படும் இடத்தில் சில நாள் விட்டால் பழுப்பு வழியாகச் சிவப்புக்கு வந்துவிடும். இனிப்பு மட்டும் காம்பறுத்த நாளில் இருந்த அளவிலேயே நிற்கும்.